தெரிவுப் பட்டியலும் ஒரு நொண்டிக் குதிரையும்

நியமனக் கடிதத்தோடு புதிதாக மலையேறி வந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, உங்கள் தலையில் எப்படியும் பாட அட்டவணை போடும் நேரசூசிப் பொறுப்பைக் கட்டுவார்கள். முடியாது என்று சொல்லும் பழக்கம் புதியவர்களுக்கு வந்திருக்காது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். அப்போது முதல் வேலையாக ஒரு நல்ல பேனா வாங்கிக்கொள்ளுங்கள், மை அழியாததாகப் பார்த்து. நான் பதினெட்டு வருடம் அப்படியொரு பேனாவால்தான் பிள்ளைகளின் பாடங்களைத் தீர்மானித்தேன். பிரதி அதிபராக ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்தி, இந்த டீச்சரின் பட்டியலில் ஒரு வெட்டுக்கொத்து இருக்காது என்று புகழ்ந்தார்கள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வெட்டுகள் இருந்தன. அவற்றைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எங்கள் பாடசாலை தலவாக்கலைக்கு மேலே இருக்கிறது. சுற்றியுள்ள நாலு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒன்பதாம் தரம் முடித்துப் பத்துக்குப் போகும்போது விருப்பப் பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சங்கீதம், சித்திரம், நடனம், நாடகம், தமிழ் இலக்கியம், ஆங்கில இலக்கியம் என்று படிவத்தில் கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாகப் பரிமாறியிருப்பார்கள். எங்களிடம் இருந்ததோ ஒரு சங்கீத டீச்சரும் ஒரு சித்திர சேரும். ஆகவே பெண்பிள்ளைகள் எல்லோரும் சங்கீதத்தில் ஆர்வமுள்ளவர்களாகவும், ஆண்பிள்ளைகள் எல்லோரும் பிறவி ஓவியர்களாகவும் வருடாவருடம் எங்கள் பாடசாலைக்கு வந்து சேர்ந்தார்கள். இயற்கையின் இந்த ஏற்பாட்டை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

என் வேலைமுறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பட்டியலைப் பேனாவால் எழுதி முடிப்பேன். அதற்குப் பிறகுதான் தெரிவுப் படிவத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். போட்டோப் பிரதி எடுக்குமுன் ஆங்கில இலக்கியம் என்ற சொல்லின் மேல் அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டுவிடுவேன், வீண் ஆசை வளரக்கூடாதல்லவா? படிவம் பெற்றோரின் கையெழுத்தோடு திரும்பி வரும். தோட்டத்து வரிசை வீடுகளான ஒரு லயத்திலிருந்து வரும் படிவங்கள் எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்துதான் இருக்கும், அந்த லயத்தில் யாருக்கு எழுத்து அழகோ அவர் போட்டது. அதையெல்லாம் நான் கேட்கமாட்டேன். படிவங்களைக் கயிற்றால் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டால் அந்த வருடத்துத் தெரிவு சுபமாக முடிந்தது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஹட்டனிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியர் வந்தார். முதல் நியமனம். வந்த வாரமே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், படிவத்துல அந்தக் கோட்டை மட்டும் எடுத்துட்டீங்கன்னா இங்கிலீஸ் லிட்ரச்சர் வகுப்ப நான் நடத்துறேன்."

"நடத்துங்க தம்பி. புள்ளைங்க கேக்கட்டும், பாப்போம்" என்றேன். கேட்கமாட்டார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கோட்டையும் எடுக்கவில்லை.

சில நாள் கழித்து ஒன்பதாம் தரத்தில் ஒரு பாடவேளைக்கு ஆசிரியர் இல்லை. இவரை அனுப்பினேன். மற்றவர்களாக இருந்தால் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். இவர் ஓர் ஆங்கிலக் கதையை வாசித்துத் தமிழிலும் சொல்லியிருக்கிறார். பனிமலையில் வழி தவறிய ஒரு கிழவன், அவனுடைய நொண்டிக் குதிரை. குதிரை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, எவ்வளவு அடித்தாலும் நகரமாட்டேன் என்கிறது. அந்த இடத்தில் மணி அடித்துவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு, மிச்சம் பத்தாம் தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுப்பவர்களுக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். தலவாக்கலைச் சந்தையில் உடுப்பு விற்கிறவர்களுக்குக்கூட இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

அடுத்த வாரம் படிவங்கள் திரும்பி வந்தபோது ஒன்றில் என் கோட்டுக்கு மேலே நீல மையில் ஆங்கில இலக்கியம் என்று எழுதியிருந்தது. பெயர் நிரோஷினி. தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து ஒரு மணித்தியாலம் நடந்து வருகிற பிள்ளை. கூப்பிட்டு அனுப்பினேன்.

"இது என்னம்மா? கோடு போட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரியுது டீச்சர். அதான் கோட்டுக்கு மேல எழுதினேன்."

"ஏன் இந்தப் பாடம்?"

அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையிடம் நான் இந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் மிரட்டுவதற்காகத்தான் கேட்டேன்.

"குதிரைக்கு என்னாச்சுன்னு தெரியணும் டீச்சர்."

"அத சேர்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதுதான?"

"கேட்டேன் டீச்சர். சொல்ல மாட்டேங்குறாரு. படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமாம்."

நான் புவியியல் ஆசிரியை. எத்தனையோ ஆறுகளை உற்பத்தியாகும் இடத்திலிருந்து கடல் வரைக்கும் கொண்டு போயிருக்கிறேன். அந்த ஆற்றுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. எனக்கு அந்தக் குதிரைமேல் பொறாமையாக இருந்தது, இதை இப்போதுதான் வெளியில் சொல்கிறேன்.

"ஒருத்திக்காக ஒரு வகுப்பு நடத்த ஏலாதும்மா. பதினஞ்சு பேர் இருந்தாத்தான் பாடம் தொடங்கலாம், அதுதான் விதி" என்றேன். அப்படி ஒரு விதி எந்தச் சுற்றுநிருபத்திலும் கிடையாது. நானே இயற்றி, நானே அமுல்படுத்தி வந்தது. நீங்களும் சில விதிகளை இயற்றி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைச் சீக்கிரம் வகுப்புக்குத் திருப்பி அனுப்ப உதவும்.

மூன்றாம் நாள் ஒரு கொப்பித்தாளோடு வந்தாள். அவளையும் சேர்த்துப் பதினைந்து பெண்பிள்ளைகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ வைத்த கையெழுத்து. பதினைந்தும் பதினைந்து விதமாக இருந்தன. மூன்று பெருவிரல் அடையாளம். சிலவற்றின் ஓரத்தில் கொழுந்துக் கறை படிந்திருந்தது.

"இதெல்லாம் எப்ப வாங்கின?"

"நேத்து பகல் கொழுந்து நிறுக்குற எடத்துக்குப் போயிட்டேன் டீச்சர். அங்க போனா எல்லா அம்மாமாரையும் ஒண்ணா புடிச்சிரலாம்."

அத்தனை வருடமாக நான் வாங்காத பெற்றோர் சம்மதம் அந்த ஒரு தாளில் இருந்தது. வெட்கப்பட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "லிஸ்ட் வலயக் கல்வி ஆபீசுக்குப் போயிருச்சும்மா, இனி மாத்த ஏலாது" என்றேன். பட்டியல் என் மேசை லாச்சிக்குள் சோற்றுப் பார்சலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. எழுதியதைத் திருப்பி எழுதுவதற்கு அலுப்பு, அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய கொள்கை எதுவும் இருந்ததாக நினைத்துவிடாதீர்கள்.

"சரிங்க டீச்சர்" என்று தாளை நாலாக மடித்துக்கொண்டு போனாள். சொல்பேச்சுக் கேட்கிற நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

புதிய வருடத்தின் முதல் சங்கீதப் பாடவேளை. பத்து நிமிடம் ஆகியிருக்கும், சங்கீத டீச்சர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "டீச்சர், கொஞ்சம் வாங்க. பேர் கூப்பிட்டா புள்ளைங்க வாயத் தொறக்க மாட்டேங்குதுங்க."

வரவு இடாப்பை நானே வாங்கிக்கொண்டு போனேன். என் குரலுக்கு எல்லாத் தரமும் அடங்கும் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. இருபத்தெட்டுப் பெயர்களையும் நிறுத்தி நிதானமாகக் கூப்பிட்டேன். பதின்மூன்று பேர் "வந்திருக்கேன் டீச்சர்" என்றார்கள். பதினைந்து பேர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராக நின்றார்கள். சிரிக்கவில்லை, முறைக்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை. நிரோஷினியின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த மௌனம் பழக்கமானது. நான் பிறந்தது நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு லயத்தில். காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார், ஆட்கள் பதில் சொல்லிவிட்டு மலைக்குப் போவார்கள். ஒருநாள் ஒரு பெண்ணைத் தோட்டத் துரை கேவலமாகத் திட்டிவிட்டார். மறுநாள் எல்லோரும் பெரட்டுக்கு வந்தார்கள், ஒருவர் பாக்கியில்லாமல் வரிசையில் நின்றார்கள், பெயர் கூப்பிட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் அம்மாவின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். அம்மா கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு மலையைப் பார்த்தார். பாடசாலைக்குப் போகிற வழியில் நின்று நான் அதைப் பார்த்தேன். பெருமை தாங்கவில்லை. இடாப்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கணக்கப்பிள்ளை முழித்த முழியைப் பாடசாலையில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன்.

இப்போது இடாப்பு என் கையில் இருந்தது. அந்த முழியை யாரும் எனக்கு நடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. இந்தப் பிள்ளைகளின் அம்மாமாரும் என் அம்மாவும் ஒரே பெரட்டில் நின்றவர்கள்தான், நான் மட்டும் எப்போது எதிர்ப்பக்கம் போனேன் என்று விளங்கவில்லை. இடாப்பை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

விஷயம் எனக்கு முன்பே அதிபரின் அறைக்குப் போய்விட்டது. எங்கள் அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் ஒழுங்கு என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையையும் வெயிலில் நிறுத்துவார்.

"ரீச்சர், முன்னுக்கு நிண்டவள் ஆர்?"

"நிரோஷினி சேர். மேல் டிவிசன்."

"தாய் தேப்பனுக்குக் கடிதம் எழுதுங்கோ. வந்து மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்து வைக்கட்டும். இல்லாட்டி விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போகட்டும். அடுத்த பாடவேளை முடிய எனக்குக் கடிதம் மேசையில இருக்க வேணும்."

நாற்பது நிமிடம். எழுதுவதற்கு என் அழியாத பேனா இருந்தது. அந்தக் கடிதம் மேல் டிவிசனுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அம்மா ஒருநாள் மலைக்குப் போகாமல் வருவாள். பயந்து, கும்பிட்டு, எல்லாவற்றுக்கும் சரி என்பாள். திரும்பிப் போகிற வழியிலேயே, படிச்சது போதும், கொழும்புக்கு யார் வீட்டுக்காவது வேலைக்குப் போ என்று முடிவு செய்துவிடுவாள். எங்கள் பாடசாலையிலிருந்து அப்படிப் போன பிள்ளைகளின் பெயர்களை நானே இடாப்பில் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். ஒரு குதிரைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதற்காக இன்னொரு பெயரையும் வெட்ட வேண்டும்.

"அன்புடையீர்" என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அன்புடையீர், உங்கள் மகள் நான் சொன்ன பொய்யை நம்பவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன் என்று எழுதலாம். அதுதான் உண்மை. கடைசியில் லாச்சியைத் திறந்து பட்டியலை எடுத்துக்கொண்டு அதிபரின் அறைக்குப் போனேன்.

"சேர், லிஸ்ட் வலயத்துக்குப் போகல. என்கிட்டதான் இருக்கு. போயிருச்சுன்னு அந்தப் புள்ளகிட்ட பொய் சொன்னேன். பதினஞ்சு பேர கொண்டு வரச் சொன்னதும் நான்தான். அவ கொண்டுவந்தா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்ன ரீச்சர் சொல்லுறியள்?"

திரும்பவும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது இன்னும் அசிங்கமாக இருந்தது. அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். கணக்குப் பாடம் படிப்பித்தவர், கண் எண்களில்தான் போய் நிற்கும்.

"இருபத்தெட்டில பதினைஞ்சு போனால் சங்கீதத்துக்குப் பதின்மூண்டுதானே மிச்சம். பதினைஞ்சுக்குக் குறைஞ்சால் பாடம் நடத்தேலாதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? அப்ப சங்கீத ரீச்சரை மேலதிகமெண்டு வேற இடத்துக்கு மாத்திப்போடுவாங்கள்."

என் சொந்த விதி என் கழுத்துக்கே சுருக்காக வந்து நின்றது.

"அந்த விதிய நான்தான் சேர் உண்டாக்கினேன். நானே அழிச்சிடுறேன்."

அவர் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்கள் பொய் சொன்னதை நான் கேக்கேல்லை. திருத்தி எழுதி இண்டைக்கே அனுப்புங்கோ. அந்தப் பிள்ளைக்குக் கடிதமும் வேண்டாம்."

பதினைந்து பெயர்களுக்கு எதிரே இருந்த சங்கீதத்தை வெட்டினேன். அதுதான் முதல் வெட்டு. சங்கீத டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "விடுங்க டீச்சர், இருபத்தெட்டு பேர் இருந்தப்பவும் பாடுனது பதிமூணு பேருதான்."

இதோடு கதை முடிந்து எல்லோரும் ஆங்கிலத்தில் புலிகளாகிவிட்டார்கள் என்று எதிர்பார்த்தால் உங்களுக்கு மலையகம் இன்னும் பழகவில்லை. இரண்டாம் தவணை தொடங்குவதற்குள் ஆங்கில ஆசிரியருக்குக் கண்டிக்கு இடமாற்றம் கிடைத்தது. அவர்மேல் கோபமில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு, குதிரைக் கதையை வருடக் கடைசிக்கு வைத்திருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். பதிலாள் வரவில்லை. புவியியல் டீச்சர் அகராதியோடு ஆங்கில இலக்கிய வகுப்புக்குள் நுழைந்தார். பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முன்னால் படித்துக்கொண்டு போவேன், சில நாள் அவர்கள் எனக்கு முன்னால் படித்துவிட்டு வந்திருப்பார்கள். உச்சரிப்பை நிரோஷினி மரியாதையாகத் திருத்துவாள்.

குதிரைக் கதையின் கடைசிப் பக்கத்தை நான்தான் வாசித்தேன். குதிரை நின்ற இடத்துக்கு முன்னால் பனி மூடிய பெரும் பள்ளம் இருந்தது. கிழவன் கோபத்தில் குதிரையை விட்டுவிட்டுத் தனியாக நடந்து போய் அதில் விழுந்துவிடுகிறான். குதிரை பிழைத்துக்கொள்கிறது.

"நிக்கிறப்பவே ஏன் நிக்கிறன்னு கேட்டிருக்கலாம்ல டீச்சர்" என்றாள் நிரோஷினி.

பதினோராம் தரம் முடிந்து சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. ஆங்கில இலக்கியத்தில் அவளுக்கு மிக நல்ல புள்ளிகளோடு சித்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை. உயர்தரத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகத் தொடங்கியே தீருவது என்று நுவரெலியாக் கல்வி அலுவலகத்துக்கு எத்தனை தடவை பஸ் ஏறினேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆசிரியர் ஒருவரைத் தருவதாக வாயால் சொல்ல வைத்துவிட்டேன். வந்து அமர்ந்து உயர்தரப் பட்டியலில் முதல் பெயராக நிரோஷினி என்று எழுதி, அதற்கு எதிரே ஆங்கிலம் என்றும் எழுதினேன். பேனாவால்தான். பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? இந்தத் தடவை நல்லெண்ணத்தோடு எழுதினேன், அதனால் அது பிழையாகவே தோன்றவில்லை.

அடுத்த நாள் அவள் படிவத்தைக் கொண்டுவந்தாள். தமிழ், அளவையியல், புவியியல்.

"ஆங்கிலம் எங்க?"

"எடுக்கல டீச்சர்."

"ஏன்? ஒனக்காகத்தான இவ்வளவும் செஞ்சேன்?" குரல் எனக்கே கேட்கிற மாதிரி உயர்ந்துவிட்டது.

"குதிரைக்கு என்னாச்சுன்னுதான் தெரிஞ்சிருச்சே டீச்சர்."

"அப்ப புவியியல் எதுக்கு?"

"எங்க லயத்துக்கு மேல மலையில வெடிப்பு விட்டிருக்கு டீச்சர். ஆபீசர்மார் வந்து பாத்தாங்க. மழை பெய்ஞ்சா கோயிலுக்குப் போயிருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஏன் வெடிச்சுச்சு, எப்ப சரியும்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க. அதுவும் அந்தக் கதை மாதிரி பாதியில நிக்குது."

இருபத்தாறு வருடம் மண்சரிவுப் படத்தைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அம்புக்குறி போட்டு, பெயர் எழுதி, பரீட்சைக்கு வரும் என்று சொல்லி அழித்திருக்கிறேன். வகுப்பில் இருக்கிற எந்தப் பிள்ளையின் வீடு அந்தப் படத்துக்குக் கீழே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பட்டியல் மேசையில் விரிந்து கிடந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, பேனாலயா எழுதிட்டீங்க டீச்சர்?" என்று எனக்காகப் பரிதாபப்பட்டாள்.

ஆங்கிலம் என்ற சொல்லை வெட்டினேன். அடிமட்டம் வைக்கவில்லை, கோடு கோணலாகவே வந்தது. அது இரண்டாவது வெட்டு. பிறகு அவளை உட்காரச் சொல்லி, பட்டியலைத் திருப்பி அதன் வெறும் பக்கத்தை அவள் முன்னால் தள்ளினேன். "வெடிப்பு எங்க இருக்கு? வரைஞ்சு காட்டு."

அவள் பெட்டியிலிருந்து பென்சிலை எடுத்தாள். மலையை வரைந்தாள், ஓடையை வரைந்தாள், அதற்கு மேலே நீளமாக வெடிப்பை இழுத்தாள். அதற்குக் கீழே, என் சுண்டுவிரல் அகலம்கூட இடம் விடாமல், லயத்தை வரைந்து பன்னிரண்டு வீட்டுக் காம்பராவாகப் பிரித்தாள். அஞ்சாவது காம்பராவுக்குள் சின்னதாக "நாங்க" என்று எழுதிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.